டேவிஸ் கோட்டையின் மண்சுவர்கள்

எங்க தாத்தா பட்டாளத்துக்காரர். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் சேர்ந்து வடமேற்கு எல்லை வரைக்கும் போய் வந்தவர். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து அந்தப் படைக்குப் போனவர்கள் நிறைய. மலையில் பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, காவல் அரணுக்குச் சுவர் எழுப்புவது இதெல்லாம்தான் வேலை. பென்ஷனோடு ஊர் திரும்பிய அன்றைக்குப் பூட்ஸ் காலோடு ஊர்த்தெரு வழியாக நடந்து வந்திருக்கிறார். நாலு பேர் மறித்துக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேரிக்கு வந்து சேர்ந்தார். "வெள்ளக்காரன் போடுன்னான், போட்டேன். இவன் கழட்டுன்னான், கழட்டினேன்" என்று எங்க ஆயாவிடம் சொன்னாராம். அந்த பூட்ஸ் ரொம்ப காலம் எங்க வீட்டுப் பரணில் கிடந்தது. சேரியில் எங்க வீட்டுக்குப் பேரே பட்டாளத்தான் வீடு.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே போயிருந்தபோது "உனக்கு என்னாப்பா பாக்கணும்?" என்று கேட்டாள். கறுப்புச் சிப்பாய்கள் இருந்த பழைய கோட்டை ஒன்று அந்த மாநிலத்தில் இருப்பதாக நான் படித்திருந்தேன். "அங்க கூட்டினு போம்மா" என்றேன். ஆஸ்டினிலிருந்து மேற்கே ஒரு நாள் முழுக்கக் கார்ப் பயணம். பச்சை குறைந்து, வீடு குறைந்து, கடைசியில் வெறும் புல்லும் பாறையும் மலையும். அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது டேவிஸ் கோட்டை.

கோட்டை என்றால் நம் மனசில் செஞ்சியும் வேலூரும்தான் வரும். அகழி, மதில், கொத்தளம் எல்லாம் வரும். டேவிஸ் கோட்டைக்கு மதிலே கிடையாது. நடுவில் அணிவகுப்புத் திடல். ஒரு பக்கம் அதிகாரிகள் வீட்டு வரிசை, எதிரே சிப்பாய்களின் நீளமான கொட்டடிகள். இவை தவிர மருத்துவமனை, தானியக் கிடங்கு, லாயம். சில கட்டடங்கள் கல்லால் ஆனவை. மற்றவை பச்சைச் செங்கல், அதாவது மண்ணைக் குழைத்து அச்சில் போட்டு வெயிலில் காயவைத்த, சூளை பார்க்காத கல். நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே மண்சுவர்தான்.

*

இந்தக் கோட்டை 1854இல் தொடங்கப்பட்டது. சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ போகும் பாதையில் வணிக வண்டிகளும் தபால் வண்டிகளும் கலிபோர்னியாவுக்குப் போகும் கூட்டமும் போய்வந்தன. அந்தப் பாதை போன நிலம் அபாச்சி, கொமாஞ்சி மக்கள் நடமாடிய நிலம். அவர்களிடமிருந்து பாதையைக் காக்கிறோம் என்று சொல்லி, லிம்பியா ஓடைப் பக்கம் நல்ல தண்ணீர் இருந்த இடமாகப் பார்த்து ராணுவம் உட்கார்ந்தது. வழிப்போக்கரைக் காப்பாற்ற வந்தோம் என்பது ராணுவத்தின் கணக்கு. எங்கள் தண்ணீர்மேல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பது அபாச்சிகளின் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எல்லைக் கோட்டை என்றால் என்னவென்று விளங்கும். யாருடைய எல்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு எழுதுகிற வரலாறு பாதி வரலாறு.

பெயரைப் பாருங்கள். 1854இல் அமெரிக்காவின் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பெயரைத்தான் கோட்டைக்கு வைத்தார்கள். அவர் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணைக்காரர். 1861இல் அடிமை முறையைக் காப்பாற்றத் தென்மாநிலங்கள் பிரிந்து போனபோது அந்தப் பிரிவினை அரசுக்குத் தலைவரானவரும் இதே டேவிஸ்தான். உள்நாட்டுப் போரில் கோட்டையைத் தென்னாட்டுப் படை கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தது. 1862இல் அவர்களும் விட்டுப் போனார்கள். ஆளில்லாத கோட்டை பாழடைந்தது.

போர் முடிந்தது. தோற்றுப்போய்ச் சிறையில் கிடந்த டேவிஸ் 1867 மே மாதம் ஜாமீனில் வெளியே வந்தார். அடுத்த மாதக் கடைசியில், அவர் பெயரைச் சுமந்த கோட்டைக்கு ஒரு படை வந்து இறங்கியது. லெப்டினன்ட் கர்னல் வெஸ்லி மெரிட் தலைமையில் வந்த 9ஆம் குதிரைப்படை அது. அதிகாரிகள் வெள்ளையர்கள். சிப்பாய்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். அவர்களில் பலர் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனத்துக்காகப் போர் நடத்தியவனுடைய பெயர் வைத்த இடத்தில், அடிமைத்தளை அறுந்தவன் மண் குழைத்துச் சுவர் எழுப்பினான்.

1866 ஜூலையில் அமெரிக்கப் பாராளுமன்றம் போட்ட சட்டம் ஒன்றின்படி கறுப்பினச் சிப்பாய்களுக்கென்று இரண்டு குதிரைப்படைகளும் நான்கு காலாட்படைகளும் அமைந்தன. 1869இல் அந்த நான்கு காலாட்படைகளை இரண்டாகச் சுருக்கினார்கள். 9ஆம், 10ஆம் குதிரைப்படைகள், 24ஆம், 25ஆம் காலாட்படைகள் என்று மிஞ்சிய நான்கு படைகளின் ஆட்களும் 1867 முதல் 1885 வரை டேவிஸ் கோட்டையில் இருந்திருக்கிறார்கள். மாசம் 13 டாலர் சம்பளம். வெள்ளைச் சிப்பாய்க்கும் அதே சம்பளம்தான். அன்றைய அமெரிக்காவில் கறுப்பனுக்கும் வெள்ளையனுக்கும் ஒரே கூலி கொடுத்த இடம் வேறு எத்தனை இருந்திருக்கும்?

இவர்களை பஃபலோ சோல்ஜர்ஸ் என்பார்கள், எருமைச் சிப்பாய்கள். சமவெளிப் பூர்வகுடிகள் வைத்த பெயர் என்று சொல்கிறார்கள். அவர்களின் சுருட்டை முடி காட்டெருமையின் பிடரி மாதிரி இருந்ததாம். நம்ம ஊரில் எருமை என்றால் வசவு. அங்கே காட்டெருமை பூர்வகுடிகளின் சோறு, துணி, கூடாரம், எல்லாம். அதனால் அந்தப் பெயரைக் கறுப்பர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

சுடுவது மட்டுமா இவர்கள் வேலை? பாதை போட்டார்கள். தந்திக் கம்பம் நட்டார்கள். தபால் வண்டிக்குக் காவல் போனார்கள். 1880களின் முடிவில் இங்கே நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள், 600 பேருக்கு மேல் தங்க இடம். கூலிக்கு வந்த தச்சர், கொத்தர்களோடு சிப்பாய்களின் வியர்வையும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. தாத்தா சொல்லுவாரு: "சேப்பர்னா துப்பாக்கிய விட மம்பட்டிதான் அதிகம் புடிச்சிருப்போம்."

இன்னொன்றும் நடந்தது. கறுப்புப் படை ஒவ்வொன்றுக்கும் ஒரு போதகரை நியமித்து, அவர் சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லித் தர வேண்டும் என்று 1866 சட்டமே சொன்னது. அடிமைக் காலத்தில் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். டேவிஸ் கோட்டையின் சின்ன மண்கட்டட தேவாலயத்தில் பகலெல்லாம் குதிரை ஏறிய ஆட்கள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு ராம்ஜி சக்பால் ஞாபகம் வந்தது. அம்பேத்கரின் அப்பா. மகார் சாதியில் பிறந்து ராணுவத்தில் சுபேதார் ஆனவர். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். மகார்களுக்குள் எழுத்து நுழைந்த வாசல்களில் ராணுவமும் ஒன்று. 1892இல் மகார்களை இனிப் படையில் சேர்ப்பதில்லை என்று வெள்ளைக்கார அரசு அந்த வாசலைச் சாத்தியது. வீர சாதி, வீரமில்லாத சாதி என்று ஒரு பொய்யைக் காரணமாகச் சொன்னது.

*

எழுத்துச் சொல்லித் தந்த அதே தேவாலயத்தில் 1881இல் ஒரு விசாரணையும் நடந்தது. ஹென்றி ஒஸியன் ஃப்ளிப்பர் என்பவர் மீது.

ஃப்ளிப்பர் 1856இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்து 1877இல் தேறிய முதல் கறுப்பினத்தவர். அந்த நாலு வருஷமும் உடன் படித்த வெள்ளை மாணவர்கள் அவரோடு பழகவில்லை, பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. நம்மில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் தலைமுறைக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். வெளியே வந்து 10ஆம் குதிரைப்படையில் லெப்டினன்ட் ஆனார். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின அதிகாரி அவர் ஒருவர்தான். 1880 கடைசியில் டேவிஸ் கோட்டைக்கு வந்து உணவுக் கிடங்குப் பொறுப்பை ஏற்றார்.

1881இல் கர்னல் ஷாஃப்டர் என்பவர் கோட்டைக்குத் தலைமையேற்று வந்தார். அந்த வருஷமே ஃப்ளிப்பர் பொறுப்பில் இருந்த பணம் குறைந்தது. பயத்தில் அதை மறைத்தார், பொய்க் கணக்குக் காட்டினார். அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதிகாரியைப் பிடித்தால் அவர் வீட்டிலேயே காவல் வைப்பது வழக்கமாக இருக்க, ஃப்ளிப்பரைச் சிப்பாய்களை அடைக்கும் காவல் கொட்டடியில் போட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஊர் வியாபாரிகளும் நண்பர்களும் காசு போட்டுக் குறைந்த பணத்தைக் கட்டினார்கள். பணம் வந்த பிறகும் விசாரணை நிற்கவில்லை. 3,791 டாலர் 77 செண்ட் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி இல்லை என்று ராணுவ நீதிமன்றமே சொல்லியது. அப்புறம் இன்னொரு குற்றத்தில் மாட்டினார்கள்: ‘அதிகாரிக்கும் கனவானுக்கும் ஒவ்வாத நடத்தை.’ இவருக்குக் குறைந்த தண்டனை போதும் என்று ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரி பரிந்துரைத்தார். ஜனாதிபதி ஆர்தர் கேட்கவில்லை. 1882 ஜூன் 30ஆம் தேதி ஃப்ளிப்பர் நீக்கப்பட்டார்.

அதன் பிறகு பொறியாளராகப் பேர் எடுத்தார். தன் பேரின் மேல் இருந்த கறையைத் துடைக்கச் சொல்லித் தலைநகரத்துக்கு மனு மேல் மனு போட்டார். துடைக்காமலே 1940இல் இறந்தார். 1976இல் ராணுவம் அவர் நீக்கத்தை மாற்றி, மரியாதையோடு விடுவிக்கப்பட்டவர் என்று பதிவு செய்தது. 1999 பிப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பு அளித்தார். மன்னிப்பு! யார் யாரை மன்னிப்பது?

*

இது வரைக்கும் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒடுக்கப்பட்டவன் கட்டினான், படித்தான், உயர்ந்தான், தள்ளப்பட்டான். நமக்குத் தெரிந்த கதை. இனி வருவது அப்படி இல்லை.

விக்டோரியோ அபாச்சிகளின் ஒரு பிரிவுக்குத் தலைவர். நியூ மெக்சிகோவில் வெந்நீர் ஊற்று ஒன்றைச் சுற்றி இருந்த நிலம் அவர்களுடைய மண். 1877இல் அரசாங்கம் அவர்களை அங்கிருந்து கிளப்பி அரிசோனாவில் சான் கார்லோஸ் என்ற காய்ந்த இடத்தில் கொண்டுபோய் அடைத்தது. எங்கள் ஊற்றோரத்திலேயே எங்களை வாழ விடுங்கள் என்றுதான் விக்டோரியோ கேட்டார். கேட்டுக் கிடைக்காமல் 1879இல் ஆயுதம் எடுத்தார். ராணுவம் துரத்தியது. மலையில் அவரைப் பிடிக்க முடியவில்லை.

1880 கோடையில் அவர் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் பக்கம் வந்தார். 10ஆம் குதிரைப்படையின் கர்னல் கிரியர்சன் புது வழி ஒன்றைப் பிடித்தார். ஆளைத் துரத்த வேண்டாம், தண்ணீரைப் பிடி. அந்தப் பாலையில் தண்ணீர் இருக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொரு ஊற்றிலும் சுனையிலும் கறுப்புச் சிப்பாய்களைத் துப்பாக்கியோடு நிறுத்தினார். ஜூலை 30ஆம் தேதி டினாஹா டி லாஸ் பால்மாஸ் என்ற பாறைச் சுனையில் சண்டை நடந்தது. அபாச்சிகள் பின்வாங்கினார்கள். பிறகு படை 21 மணி நேரத்தில் 65 மைல் ஓடி, விக்டோரியோவுக்கு முன்னால் ராட்டில்ஸ்னேக் ஊற்றுக்குப் போய்க் காத்திருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி தண்ணீருக்கு வந்த அபாச்சிகளைச் சுட்டு விரட்டினார்கள். தாகத்தோடு மெக்சிகோவுக்குத் திரும்பியவர்களை அக்டோபரில் மெக்சிகோ படை வளைத்தது. விக்டோரியோவும் கூட இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறைப்பட்டார்கள்.

ராணுவப் புத்தகங்களில் இது சாமர்த்தியமான போர்முறை. எனக்கு மட்டும் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. குடிக்க வந்தவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று நிற்பது என்ன முறை என்று நம்மைக் கேட்டால் சொல்லமாட்டோமா? கிணற்றடியில் நம்மை நிறுத்தி, மேலே இருந்து கையில் ஊற்றின ஊர் இது. அங்கே ஊற்றடியில் துப்பாக்கியோடு நின்றவன் நேற்று வரை சங்கிலியில் கிடந்தவன். அவன் முன்னால் தாகத்தோடு வந்தவன் மண்ணை இழந்தவன். இருவரையும் அப்படி நிறுத்திவிட்டு உத்தரவு போட்டவன் வேறொருவன்.

அந்தத் திடலில் நின்றபோதுதான் எங்க தாத்தா எனக்குச் சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. அறுபதுகளில், நான் சின்னப் பையன். ஊர்க்கிணற்றுத் தகராறில் எங்க அத்தைக்குக் குடம் உடைந்து வந்த நாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அங்க மலமேல ஒரு ஊத்து. எதிராளிக்குத் தண்ணி போவக் கூடாதுன்னு எங்களுக்குக் காவலு. ஒரு கெழவி பானையத் தூக்கினு வந்தா. துப்பாக்கியக் காட்டித் தொரத்தினோம்."

"அப்பால?"

"அப்பால இன்னா, போய்ட்டா."

அவ்வளவுதான். பூட்ஸ் கதையை ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. இந்தக் கதையை அந்த ஒரு தடவைதான் சொன்னார். நானும் இத்தனை காலம் பூட்ஸ் கதையை மட்டும்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

*

1891இல் ராணுவம் டேவிஸ் கோட்டையை விட்டுப் போனது. அபாச்சிகள் அடங்கிவிட்டார்கள், ரயில் வந்துவிட்டது, இனி இங்கே வேலையில்லை. நிலம் ராணுவத்துடையது கூட இல்லை, தனியாரிடம் குத்தகைக்கு எடுத்திருந்தது. குத்தகை முடிந்ததும் நிலம் உடையவரிடம் போனது. சில வீடுகளில் குடும்பங்கள் குடியிருந்தன. மற்றதெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்தது. உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் முயன்று கேட்ட பிறகு, 1961இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, 1963 ஜூலை 4ஆம் தேதி அது தேசிய வரலாற்றுத் தலமானது. இன்று கூரையோடு நிற்கும் கட்டடங்கள் 24. இடிபாடுகளும் அடித்தளங்களுமாக நூறுக்கு மேல். அந்த 1963இல் டெக்சாஸில் கறுப்பன் பல சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளையன் பக்கத்தில் உட்கார முடியாது. அவன் தாத்தா கட்டிய சுவர் தேசத்தின் சொத்து. பேரனுக்கு ஒரு நாற்காலி இல்லை. தடை செய்யும் சட்டம் 1964இல்தான் வந்தது.

சுவர்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். மண்சுவருக்குத் தலையும் அடியும் நனையக் கூடாது. இதை எங்க ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலையில் தண்ணீர் இறங்கினால் சுவர் பிளக்கும். அடியில் தேங்கினால் மண் உதிர்ந்து சுவர் குடைந்துபோய்ச் சாயும். அங்கே அறுபதுகளிலேயே வீடுகளுக்குக் கூரையும் தாழ்வாரமும் திரும்பக் கட்டி மழையைத் தடுத்திருக்கிறார்கள். கூரையில்லாத சுவர்தான் கஷ்டம். ஒவ்வொரு வருஷமும் மேலே மண் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். சிமெண்ட் வைத்துப் பூசினால் உறுதி என்று நினைப்போம். அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துச் சுவரைத் தின்றுவிடும். மண்ணுக்கு மண்தான். ஆயா செய்த அதே வேலையைச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிறார்கள். பட்டாளத்தான் வீட்டுச் சுவர் 1985 மழையில் விழுந்தது. பரண் போயிற்று, பூட்ஸும் போயிற்று.

சிப்பாய்களின் கொட்டடி ஒன்றை 10ஆம் குதிரைப்படை இருந்த காலத்து மாதிரி கட்டில், கம்பளி, சேணம் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் 1875ஆம் வருஷத்து மாலை அணிவகுப்பைப் போடுகிறார்கள். எக்காளச் சத்தமும் குதிரைக் குளம்புச் சத்தமும் வெறும் திடலில் கேட்கின்றன. மகள் கண் கலங்கினாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதை மறுக்கவில்லை. கட்டளையிட்ட கிரியர்சன் குடும்பத்தின் வீட்டையும் அவர்கள் காலத்து மேசை நாற்காலியோடு காட்டுகிறார்கள். கோட்டையின் பெயர் மட்டும் டேவிஸின் பெயராகவே இருக்கிறது. 2023இல் தென்னாட்டுப் படைத் தளபதிகளின் பெயர் கொண்ட ராணுவ முகாம்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். 2025இல் அதே பெயருள்ள வேறு ஆட்களைத் தேடிப் பிடித்துப் பழைய பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆதிக்கத்துக்குத் தன் பெயர்மேல் எவ்வளவு பிடிப்பு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டடத்தைக் காப்பது ஒரு வேலை. அதோடு சேர்த்து எந்தக் கதையைக் காப்பது என்பது இன்னொரு வேலை. கறுப்பு வீரனின் பெருமையைத் திரும்ப மீட்டது பெரிய காரியம். அதற்கே நூறு வருஷம் ஆயிற்று. ஆனால் பெருமையோடு நிறுத்தினால் விக்டோரியோவின் தாகம் மறுபடி புதைந்துபோகும். அந்த ஊற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் பக்கமும் இந்தக் கேள்வி இருக்கிறது. 1818 ஜனவரி முதல் தேதி கோரேகானில் கம்பெனிப் படையில் நின்று பேஷ்வாவின் படையோடு மோதிய மகார்களின் பெயர்கள் அங்கே கல்தூணில் இருக்கின்றன. 1927 ஜனவரி முதல் தேதி அம்பேத்கர் அந்தத் தூணின் முன்னால் போய் நின்றார். அதே வருஷம் மார்ச் மாதம் மகாத் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். தூணுக்கும் குளத்துக்கும் நடுவே மூன்றே மாதம். ஆயுதம் ஏந்திய முன்னோரை வணங்கினவர், தண்ணீர் எல்லோருக்கும் உரியது என்பதையும் சேர்த்தே சொன்னார். நாம் தூணை மட்டும் எடுத்துக்கொண்டு குளத்தை விட்டுவிடக் கூடாது.

உங்கள் சேரியிலும் ஒரு பட்டாளத்தான் வீடு இருக்கும். அங்கே ஒரு தகரப் பெட்டி, ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, கறுத்துப்போன ஒரு மெடல் இருக்கும். அடுத்த மழைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகளோ பேரன்களோ இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். பூட்ஸ் கதையைத் தானாகச் சொல்லுவார்கள். அதை எழுதிக்கொண்ட பிறகு எழுந்துவிடாதீர்கள். ஊற்றுக் கதையையும் கேட்டு எழுதுங்கள். நான் எங்க தாத்தாவிடம் அந்தக் கிழவி எந்தப் பக்கம் போனாள் என்று கூடக் கேட்கவில்லை.